குளிர்காலக் காளான்: குடையைப் பார்க்குமுன் அடியைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளிர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி மார்கழிப் பனி இறங்கும் வரையிலான ஈர நாட்களே காளான் தேடுவோருக்குக் குளிர்காலம். ஆனி, ஆடி மழையிலும் காளான் முளைக்கும் என்றாலும், ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் இரண்டொரு நாட்களைத் தவறவிடக் கூடாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கங்களைவிட மழை கூடுதலாகப் பெறும் விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு வட்டங்களின் விளைகளில், அதாவது தோட்டங்களில், வாய்ப்பு அதிகம். சரணாலயக் காடுகளுக்குள் அனுமதியின்றிப் போய்ப் பறிப்பது குற்றம் என்பதால், சொந்த விளையிலோ உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு பிறர் விளையிலோ தேடுவதே முறை. ரப்பர் விளையாக இருந்தால் அண்மையில் களைக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ தெளித்தார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

இங்கே தேடத் தகுந்தவற்றுள் முதன்மையானது புற்றுக் காளான். கறையான்கள் மண்ணுக்கடியில் தாங்களே வளர்க்கும் பூஞ்சைதான் மழைக்குப் பின் குடையாக மேலே வருகிறது. ஆதலால் அதன் தண்டு நிலமட்டத்தில் முடியாமல், படிப்படியாக மெலிந்து வேர்போல் ஆழத்துக்கு இறங்கும். குடையின் நடுவில் கூரிய முனை இருக்கும். முதலில் காணும் காளானைப் பிடுங்காமல், சுற்றியுள்ள மண்ணைக் குச்சியால் விலக்கி அடிவரை பாருங்கள். நீண்ட வேர் தெரிந்தால் அது புற்றுக் காளானாக இருக்க வாய்ப்புண்டு. அடியில் வீங்கிய குமிழோ, கிழிந்த பை போன்ற உறையோ இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். கொடிய நஞ்சுள்ள அமானிட்டா இனத்துக்கு இந்த உறையே முக்கிய அடையாளம். மேலோட்டமாக ஒடித்தால் அது மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். தண்டிலுள்ள வளையத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது, ஏனெனில் சில புற்றுக் காளான்களுக்கும் வளையம் உண்டு. அரிசியை இறைத்தாற்போல் கூட்டமாக முளைக்கும் சிறுவகைக்கு நீண்ட வேர் இருக்காது என்பதால், அதை நன்கு அறிந்த பெரியவர் ஒருவர் உடனிருந்தால் மட்டுமே எடுக்கலாம்.

புற்றை இடிக்காதீர்கள், இடிக்காத புற்றில் மறு ஆண்டும் காளான் வரும். பாம்பு ஒதுங்கும் இடம் என்பதால் வெறுங்கையை உள்ளே விடவும் கூடாது.

பட்ட மரங்களில் அடுக்கடுக்காக வரும் சிப்பிக் காளானுக்குத் தண்டு ஓரமாக இருக்கும், குடையின் அடியிலுள்ள மடிப்புகளான செதில்கள் தண்டின்மேல் இறங்கியிருக்கும்.

அடையாளம் உறுதியானாலும், செதில்களிலிருந்து உதிரும் விதை போன்ற நுண்தூளின் நிறத்தைப் பார்க்கும் வித்துத்தூள் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். குடையைத் தண்டிலிருந்து பிரித்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் செதில் கீழே இருக்கும்படி வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். புற்றுக் காளானின் தூள் இளஞ்சிவப்புச் சாயலில் படியும். அமானிட்டாவின் தூள் வெள்ளை. புல்தரையில் வெள்ளைக் குடையாக நின்று பலரை ஏமாற்றும் நச்சுக் காளானின் தூள் பச்சை. வெள்ளிக்காசு கறுக்கிறதா, மஞ்சள்தூள் நிறம் மாறுகிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனைகள் எதையும் நம்புவதற்கில்லை. அமானிட்டாவின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

பறித்தவற்றைப் பனையோலைப் பெட்டியில் எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும். புழு வைக்குமுன் மண்ணைத் துடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, தூளின் நிறம் தெரிந்த உடனே சமைத்துவிட வேண்டும். நன்கு வேகவைத்து, தேங்காய் வறுத்தரைத்த தீயலாகச் செய்வது இம்மாவட்டத்துச் சுவைக்குப் பொருந்தும். முதன்முறை உண்பவர் சிறிதளவே உண்ண வேண்டும். குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அடியோடு எடுத்த காளான் ஒன்றைச் சமைக்காமல் தனியே வைத்திருங்கள்.

உண்ட சில மணி நேரத்தில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கினால் 108-ஐ அழைத்து, அந்தக் காளானுடன் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ செல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தாமதமாகத் தொடங்கும் வாந்தி இன்னும் ஆபத்தானது. அது இடையில் நின்று உடல் தேறியதுபோல் தோன்றும்போதும் கல்லீரல் பழுதாகிக்கொண்டிருக்கலாம் என்பதால், நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.