டூமுக்கு ரசிகர்கள் செய்த லெவல்களைப் பழைய லேப்டாப்பில் ஓட்டுவது எப்படி?

அரக்கர்களைச் சுட்டு முன்னேறும் டூம் என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது 1993 டிசம்பர் 10 அன்று. அதற்கு இன்றும் புது லெவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, பெரும்பாலும் இலவசமாக. யாங்கோனில் முறைவைத்துக் கரண்டு வரும் நாட்களில், மொபைல் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டை நான் பார்த்ததில்லை. பல லெவல் தொகுப்புகள் சில எம்பிதான் இருக்கும். பத்து வருடப் பழைய லேப்டாப் போதும், பேட்டரியையும் அதிகம் தின்னாது.

இது எப்படிச் சாத்தியமானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். டூமைச் செய்த ‘ஐடி சாஃப்ட்வேர்’ என்ற நிறுவனம் லெவல், படம், சத்தம் எல்லாவற்றையும் விளையாட்டின் நிரலுக்குள் புதைக்காமல் வேட் என்ற தனி ஃபைலில் வைத்தது. 1997-இல் நிரலின் மூலத்தையும் வெளியிட்டது. அதை வைத்து ரசிகர்கள் இன்றைய கணினிகளுக்கு ஏற்ற இன்ஜின்களை, அதாவது விளையாட்டை ஓட்டும் நிரல்களை, எழுதினார்கள். அவற்றைத்தான் சோர்ஸ் போர்ட் என்கிறோம்.

ஆக உங்களுக்கு வேண்டியவை மூன்று: ஒரு சோர்ஸ் போர்ட், அடிப்படை வேட், ரசிகர்களின் லெவல் வேட்.

சோர்ஸ் போர்ட்டில் என் தேர்வு டிஎஸ்டிஏ-டூம். வேகமானது, பழைய லெவல்களையும் புதியவற்றையும் ஒழுங்காக ஓட்டுகிறது. பலரும் முதலில் ஜிஇஸட்டூமைச் சொல்வார்கள். நல்ல இன்ஜின்தான், அதற்கென்றே செய்த லெவல்கள் பெரும்பாலும் வேறெதிலும் ஓடாது. ஆனால் பழைய கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் அது திணறும். ஆரம்பத்தில் அது வேண்டாம்.

அடிப்படை வேட் என்பது மூல விளையாட்டின் ஃபைல், ஐவேட் என்பார்கள். டூம் 2-ஐ விலைக்கு வாங்கியிருந்தால் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும். இங்கிருந்து கார்டில் பணம் கட்டுவது எல்லோருக்கும் முடியாது என்பதால் நான் ஃப்ரீடூமைப் பரிந்துரைக்கிறேன். படம், சத்தம், லெவல் எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் புதிதாகச் செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதில் ஃப்ரீடூம்1, ஃப்ரீடூம்2 என்று இரண்டு வேட் இருக்கும். முதலாவது டூம் 1-க்குப் பதில், இரண்டாவது டூம் 2-க்குப் பதில். அரக்கர்களின் உருவம் மாறியிருக்கும், ஆட்டம் மாறாது. ஷேர்வேர் டூமை, அதாவது இலவச மாதிரிப் பதிப்பை, மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அதோடு வெளி லெவல்களைச் சேர்க்கப் பல போர்ட்கள் மறுத்துவிடும்.

லெவல் தேட ஐடிகேம்ஸ் ஆர்க்கைவ் என்ற இணையக் கிடங்கு போதும். முப்பது வருடச் சேமிப்பு அங்கே இருக்கிறது. எதை எடுப்பது என்று மலைப்பாக இருந்தால் டூம்வேர்ல்டு தளம் 2004 முதல் ஆண்டுதோறும் சிறந்த லெவல்களுக்கு அறிவிக்கும் கேக்கோவார்டு விருதுப் பட்டியல்களைப் பாருங்கள். புதியவருக்கு நான் முதலில் கொடுப்பது 2003-இல் வந்த சைத். டூம் 2-க்கான 32 லெவல்கள், தொடக்கத்தில் எல்லாமே குட்டிக் குட்டி லெவல்கள். கடைசிப் பகுதி கடினம், அங்கே திணறினால் கவலைப்பட வேண்டாம். அழகுக்கு 2018-இல் வந்த எவிடெர்னிட்டி. டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவே 2019-இல் சிகில் என்ற தொகுப்பை வெளியிட்டார், ஆனால் அது டூம் 1-க்கானது.

இந்த "எதற்கானது" என்ற விஷயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டூம் 1-இல் லெவல்களின் பெயர் ஈ1எம்1, ஈ1எம்2 என்று போகும். டூம் 2-இல் மேப்01, மேப்02 என்று போகும். ரசிகரின் வேட் அதே பெயருள்ள லெவலின் இடத்தில்தான் போய் உட்காரும். டூம் 2-க்கான வேட்டை டூம் 1-ஓடு சேர்த்தால், பிழைச் செய்தி எதுவும் வராமலே போகலாம். விளையாட்டு ஒழுங்காகத் திறக்கும், புது லெவல் மட்டும் இருக்காது, பழைய ஈ1எம்1-தான் வரும். டவுன்லோடு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்கி டேட்டாவை வீணாக்குவார்கள். ஃபைலில் ஒரு குறையும் இல்லை, ஐவேட்டை மாற்றினால் போதும்.

இதற்கான பதில் ஜிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு லெவலோடும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும். தயவுசெய்து அதைத் திறந்து படியுங்கள். எந்த விளையாட்டுக்கானது, எந்த இன்ஜின் வேண்டும் என்று செய்தவரே எழுதியிருப்பார். வனிலா (மூல விளையாட்டு), பூம், எம்பிஎஃப், எம்பிஎஃப்21 என்று இன்ஜின் வகையைச் சொல்லும் ஏதாவது ஒரு சொல் அதில் கண்ணில் படும். டிஎஸ்டிஏ-டூமில் எந்த வகையைப் போல ஓட வேண்டும் என்று சொல்ல, இவற்றுக்குக் காம்ப்லெவல் எண் உண்டு: டூம் 2 வனிலாவுக்கு 2, பூமுக்கு 9, எம்பிஎஃபுக்கு 11, எம்பிஎஃப்21-க்கு 21. பூம் லெவலை 2-இல் ஓட்டினால் சில கதவுகளும் சுவிட்சுகளும் வேலை செய்யாது. ஒரு அறையில் அடைபட்டு, வழி தெரியவில்லை என்று சுற்றிக்கொண்டிருப்பீர்கள். புதிய தொகுப்புகள் பலவற்றில் இந்த எண் உள்ளேயே பதிந்திருக்கும், பழையவற்றுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும்.

சரி, இனி ஓட்டலாம். சி டிரைவில் டூம் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, போர்ட், ஐவேட், ஜிப்பிலிருந்து பிரித்த லெவல் வேட் எல்லாவற்றையும் அதிலேயே வையுங்கள். ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். நம்மில் பலர் விண்டோஸ் பயனர் பெயரைப் பர்மிய எழுத்திலோ தமிழிலோ வைத்திருக்கிறோம். டெஸ்க்டாப்பில் வைத்தால் அந்தப் பெயரும் பாதையில் வந்துவிடும், சில போர்ட்கள் அதில் தடுமாறும்.

அப்புறம் நோட்பேடைத் திறந்து இந்த ஒரு வரியை அப்படியே அடியுங்கள்:

dsda-doom -iwad freedoom2.wad -file scythe.wad -complevel 2

அதே ஃபோல்டரில், பெயரின் முடிவில் புள்ளி போட்டு பேட் (.bat) என்று சேமியுங்கள். அதை டபுள் கிளிக் செய்தால் விளையாட்டு திறக்கும். ஒவ்வொரு தொகுப்புக்கும் இப்படி ஒரு ஃபைல் வைத்துக்கொள்வது, விளையாட்டைத் திறந்துவிடும் தனி லாஞ்சர் நிரலை நிறுவுவதைவிட எனக்குப் பிடித்த வழி. பென் டிரைவில் நண்பருக்குக் கொடுக்கும்போதும் ஃபோல்டரை அப்படியே கொடுத்துவிடலாம்.

பேட்டரி போன லேப்டாப் என்றால் எஃப்6-ஐ அடிக்கடி அழுத்திச் சேமியுங்கள். கரண்டு போய்த் திரும்ப வந்ததும் எஃப்9 உங்களை அதே இடத்துக்குக் கொண்டுபோகும். சேமித்தபோது இருந்த அதே வேட்களோடு திறக்க வேண்டும், அது முக்கியம்.

பின்சேர்க்கை: மோல்மேனிலிருந்து ஒரு தம்பி, டபுள் கிளிக் செய்தால் நோட்பேடே திறக்கிறது என்று எழுதியிருந்தார். விண்டோஸ் உங்களுக்குக் காட்டாமல் பெயரின் கடைசியில் டெக்ஸ்ட் என்று ஒட்டிவிடுகிறது, தம்பி. சேமிக்கும்போது கீழே இருக்கும் வகைப் பெட்டியில் ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றிவிட்டுச் சேமியுங்கள்.

இன்னொருவர், லெவல் வருகிறது, ஆனால் டெக்ஸ்ட் ஃபைலில் சொன்ன புது அரக்கர்கள் இல்லை என்றார். ஜிப்புக்குள் டெஹ் (.deh) என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேட் ஃபைலில் உள்ள வரியின் கடைசியில் இடைவெளி விட்டு -deh என்று அடித்து, பக்கத்தில் அந்த ஃபைலின் பெயரைக் கொடுங்கள். பிகே3 என்று முடியும் ஃபைல் வந்தால் அதைப் பிரிக்காதீர்கள், அது பெரும்பாலும் ஜிஇஸட்டூமுக்கானது.