கல்லூரியைப் பாதியில் விட்டால் ஃபீஸ் எவ்வளவு திரும்பும், கல்விக் கடன் என்ன ஆகும்?

வேறு கல்லூரியில் இடம் கிடைத்தோ, படிப்பு பிடிக்காமலோ முதல் வருடமே நிற்கிற பிள்ளைகள் பலர், வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டு எழுத்தில் எதுவும் கொடுப்பதில்லை. பணம் போவது அங்கேதான். கடைசியாக வகுப்புக்குப் போன நாளை யாரும் பார்ப்பதில்லை. விலகல் கடிதம் அலுவலகத்தில் பதிவான தேதியைத்தான் பார்ப்பார்கள்.

கடிதத்தை இரண்டு பிரதி எழுதுங்கள். பெயர், பதிவு எண், பாடப்பிரிவு, கட்டிய தொகை, ரசீது எண்கள், பணம் வரவேண்டிய கணக்கு எண் எல்லாம் இருக்கட்டும். ஒரு பிரதியில் சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பிரின்சிபால் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்றால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, கல்லூரி மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் போட்டுவிடுங்கள்.

பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கலை அறிவியல் கல்லூரிகளுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. 2018 அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகை (செயலாக்கக் கட்டணமாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்). 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதன்பின் பூஜ்யம். கடைசித் தேதி செப்டம்பர் 15, கட்டியது 60,000 என்று வையுங்கள். செப்டம்பர் 28-ல் கடிதம் கொடுத்தால் 48,000, அக்டோபர் 10-ல் 30,000, அக்டோபர் 16-ல் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யுஜிசி தனிச் சலுகையும் தரும். 2024-25-ல் செப்டம்பர் 30 வரை முழுத் தொகை. அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையை முதலில் பாருங்கள். காப்புத்தொகை (காஷன் டெபாசிட்) இந்தக் கணக்கில் சேராது, அது முழுதாக வரவேண்டும்.

பொறியியல் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. கடைசித் தேதிக்குமுன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அதன்பின், காலியான இடத்தில் வேறு மாணவர் சேர்ந்தால் மட்டுமே படித்த மாதங்களுக்குக் கழித்து மீதி வரும். "மீதி வருட ஃபீஸைக் கட்டினால்தான் டிசி" என்று கேட்க எந்தக் கல்லூரிக்கும் உரிமையில்லை. அசல் சான்றிதழ்களையும் பிடித்து வைக்க முடியாது. ஓசூர் தாண்டி பெங்களூரில் புரோக்கர் மூலம் சேர்ந்தவர்கள் ஒன்று கவனியுங்கள்: ரசீதில்லாமல் கொடுத்த பணத்தை இந்த விதிகளை வைத்து மீட்பது மிகக் கடினம்.

இனி கடன். வங்கி ஃபீஸை நேராகக் கல்லூரிக்குத்தான் அனுப்பியிருக்கும். அதனால் திரும்பும் பணம் கடன் கணக்குக்கே போகட்டும். அந்தக் கணக்கு எண்ணையே கடிதத்தில் எழுதுங்கள். சேமிப்புக் கணக்கில் விழுந்தால் வீட்டுச் செலவில் கரைந்துவிடும், வட்டியோ ஓடிக்கொண்டிருக்கும்: 48,000-க்கு 10 சதவீதம் என்றால் மாதம் 400. அதே வாரத்தில் கடன் கொடுத்த கிளைக்கும் கடிதம் கொடுத்து, கல்லூரிக்கு வங்கி அனுப்பவிருக்கும் அடுத்த ஃபீஸ் தொகையை நிறுத்தச் சொல்லுங்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்ற சலுகை, படிப்பு தொடரும் என்ற கணக்கில் கொடுத்தது. விலகினால் இஎம்ஐ முன்கூட்டியே தொடங்கலாம். புதிய தவணை அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். கவனிக்காமல் விட்டால் சிபில் மதிப்பெண் (கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்குக்கான மதிப்பெண்) அடிபடுவது பிள்ளைக்கு மட்டுமல்ல, உடன் கையெழுத்திட்ட அப்பாவுக்கும்தான். நாளைக்கு அவருக்கு டிராக்டர் கடன் கிடைப்பதும் சிரமமாகும்.

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் வட்டி மானியம், பாதியில் விலகினால் கிடைக்காது. மருத்துவக் காரணம் மட்டும் விதிவிலக்கு; அதற்குக் கல்லூரித் தலைவர் ஏற்கும் ஆவணம் வேண்டும். நோயாலோ குடும்பச் சிக்கலாலோ ஒரு வருடம்தான் தடை என்றால் விலகவே வேண்டாம். 'பிரேக் ஆஃப் ஸ்டடி' (படிப்பை இடையில் நிறுத்தி மீண்டும் தொடர அனுமதி) கேளுங்கள். படிப்பு முடிய இரண்டு வருடம் வரை வங்கியும் அவகாசம் நீட்டிக்க இடமுண்டு.

கல்லூரி பணம் தராவிட்டால் மாணவர் குறைதீர்க் குழு, பிறகு பல்கலைக்கழக ஓம்புட்ஸ்பர்சன் (குறைதீர்ப்பாளர்). கிளையில் இழுத்தடித்தால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளிலும் மனு கொடுக்கலாம். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க ரிசர்வ் வங்கியின் 14448 எண்.