வேதக்கோயில் கல்லறைகளில் பட்டாளத்துக்காரரைத் தேடுவது எப்படி

மதுரைப் பக்கத்து ஊர்களில் வேதக்கோயில் (கிறிஸ்தவ தேவாலயம்) கல்லறைத் தோட்டத்துக்குக் காலை 7 மணிக்கே போய்விடுங்கள், சாய்வெயிலில்தான் தேய்ந்த எழுத்தில் நிழல் விழுந்து தெரியும். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சாக்பீஸ் தேய்க்கவே கூடாது, கல் கெட்டுவிடும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே ‘சிப்பாய்’ என்று மெல்ல எழுந்து வரும், எனக்கு அப்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்.

படை எண், படைப்பிரிவு, இறந்த தேதியை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, அல்லது 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர் என்றால், இரண்டு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் படையினரின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம்.

அப்புறம், ஊருக்குள்ளும் விசாரியுங்கள். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு (முதல் உலகப் போர்) இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல் தமிழ்நாட்டில் சில ஊர்களில் இருக்கிறது. அதில் எண்ணிக்கைதான் இருக்கும். பெயரைப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.