பிரிஸிலா, பிரிஸ்டிலா? பன்றிமயிர்ச் சொல் ஒன்றில் நாம் செய்யும் தவறுகள்

டூத் பிரஷ் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தென்படும் ஆங்கிலச் சொல் ‘பிரிஸில்’. விறைப்பான குட்டை மயிர் என்று பொருள். பலர் இதைப் ‘பிரிஸ்டில்’ என்கிறார்கள். எழுத்தில் ‘டி’ உண்டு, ஒலியில் இல்லை. விசில், காஸில் ஆகியவற்றிலும் அது இப்படித்தான் ஊமையாக உட்கார்ந்திருக்கிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரோடு இதை முடிச்சுப்போடுவது அடுத்த தவறு. அந்த ஊரின் பழம்பெயருக்குப் ‘பாலம் இருக்கும் இடம்’ என்று பொருள். மயிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. எளிதில் நொறுங்குவதைக் குறிக்கும் ‘பிரிட்டில்’ என்பதும் வேறு சொல். பிரிஸில் வளையும், வளைந்து நிமிரும், பிரிட்டில் உடையும்.

சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தின் ‘பைர்ஸ்ட்’. அதனோடு சிறுமை காட்டும் ஒரு விகுதி பின்னால் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழியின் ‘போர்ஸ்டே’ இதன் உறவு. கூர்முனையைக் குறிக்கும் வடமொழிச் சொல்லான ‘ப்ருஷ்டி’யையும் அறிஞர்கள் இதே குடும்பத்தில் சேர்க்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, ‘பிரஷ்’ என்பதும் இதிலிருந்து பிறந்ததுதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது.

மயிர் என்றால் விலங்கின் உடலில் இருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பல் துலக்கப் பன்றிமயிர் பயன்பட்ட காலம் உண்டு. 1938-இல் அமெரிக்காவில் நைலான் இழை வைத்த பிரஷ் விற்பனைக்கு வந்தது. மூலப்பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் 4,800 ஆண்டுகளுக்கும் மேல் வயதான பிரிஸில்கோன் பைன் மரம் ஒன்று நிற்கிறது. அதன் கூம்புச் செதில்களில் நீட்டிக்கொண்டிருக்கும் முட்களால் வந்த பெயர் அது. மழித்த மறுநாள் தாடையில் குத்தும் தாடிக்கும் இச்சொல் பொருந்தும். தோளில் புரளும் கூந்தலுக்குப் பொருந்தாது.

மொழிபெயர்ப்பவர்களை வழுக்கிவிடுவது இதன் வினை வடிவம். ஒரு கேள்வியைக் கேட்டதும் அவர் ‘பிரிஸில்’ ஆனார் என்ற வரியை நான் ஒருமுறை ‘சிலிர்த்துப்போனார்’ என்று எழுதிவிட்டேன். படித்த நண்பர், “அந்தக் கேள்வி அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நமக்குச் சிலிர்ப்பு பாட்டைக் கேட்டும் வரும், குளிர்காற்றிலும் வரும். ஆங்கிலச் சொல்லில் இருப்பதோ சினந்த பன்றியின் முதுகில் விறைத்து நிற்கும் மயிர். ‘சிலிர்த்தெழுந்தார்’ என்றால் ஓரளவு நெருங்கும், ஆனால் அதில் வேகம் அதிகம். ‘சீறினார்’ என்பதிலோ குரல் வந்துவிடுகிறது. பிரிஸில் ஆகிறவர் வாயே திறக்காமல் இருக்கலாம். ‘முகம் கடுத்தது’, ‘விறைத்துக்கொண்டார்’ என்று இடம் பார்த்து எழுதுவதே என் வழக்கம்.

ஆங்கிலத்திலேயே எழுதுபவர்கள் ‘அவர் பேச்சு என்னைப் பிரிஸில் செய்தது’ என்ற பொருளில் நேரடிச் செயப்படுபொருள் வைத்துவிடுகிறார்கள். சினப்பவர்தான் எழுவாய், சினமூட்டியதற்கு முன்னால் ‘அட்’ வரும். ‘வித்’ வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பின்னால் வருவது கோபம் என்றால் பழைய பொருளே. ‘கோட்டை துப்பாக்கிகளோடு பிரிஸில் ஆனது’ என்ற வரி வந்தால், கோட்டைக்குக் கோபம் வந்துவிட்டதாக எழுதிவிடக் கூடாது. பார்க்கும் பக்கமெல்லாம் துப்பாக்கிமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.