பெண்ணோடு உட்கார்ந்து ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’யை மறுபடி பார்ப்பது எப்படி?

பள்ளிக் காலத்தில் கேபிளில் பார்த்துச் சிரித்த படத்தைத் தாயான பிறகு பார்ப்பதென்றால் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். சும்மா ஓடவிட்டால் பத்தாவது நிமிடம் கை கைப்பேசியைத் தேடும். நான் சொல்வது 2003இல் மார்க் வாட்டர்ஸ் இயக்கிய ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’. அம்மாவும் மகளும் ஒரு வெள்ளிக்கிழமை காலை உடல் மாறி விழிக்கிற கதை. நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்தக் குறிப்புகளிலும் தையல்காரியின் கண்தான் இருக்கும்.

ஜூன் மாதம் வேண்டாம். எங்களுக்குச் சீருடை தைக்கும் காலம், ஊருக்கு மாம்பழக் காலம். யாருக்கும் நிதானம் இராது. படம் ஒன்றரை மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். ஆகவே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். கோபத்தில் மகள் பேசும் வேகம் எனக்கு இன்றும் காதில் நிற்பதில்லை.

தொடங்கும் முன் திருமூலர் கதையைச் சொல்லிவிடுங்கள். திருவாவடுதுறைப் பக்கத்துச் சாத்தனூரில் நடந்தது. நம் தென்பெண்ணை போய்ச் சேரும் அணைக்கட்டுச் சாத்தனூர் அல்ல. மாடு மேய்க்கும் மூலன் இறந்துகிடக்கிறான், பசுக்கள் கதறுகின்றன. யோகி இரங்கி அவன் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் தேறிவிடுகின்றன. ஆனால் மாலையில் மூலனின் மனைவி வந்து கூப்பிடும்போது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று ஒதுங்கிவிடுகிறார். “அந்த அம்மா அப்புறம் என்ன செய்தார்?” என்று என் பெண் கேட்டாள். இந்தப் படத்தில் அப்படி ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. உடல் மாறினால் அந்த உடலுக்கு உரிய வகுப்பு, வேலை, மறுநாள் கல்யாணம் எல்லாம் தலையில் விழும்.

உடல் மாறுவதற்கு முன்னால் வரும் காட்சிகளில் கதையை விட்டுவிட்டுத் தோள்களைக் கவனியுங்கள். அளவெடுக்கும்போது பதின்வயதுப் பெண்கள் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள். அவர்களுடைய அம்மாக்கள் வயிற்றை எக்கி நிமிர்ந்து நிற்பார்கள். அம்மாவாக வரும் ஜேமி லீ கர்டிஸும் மகளாக வரும் லிண்ட்சே லோஹனும் இதைத்தான் மாற்றிக்கொள்கிறார்கள். கர்டிஸ் நாற்காலியில் சரிந்து உட்காருவதும், லோஹன் முதுகை விறைப்பாக்கிக்கொண்டு நடப்பதும் வசனத்துக்கு முன்பே ஆளைக் காட்டிவிடும். சின்ன வயதில் எனக்கு லோஹனின் கிடார் மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது படம் கர்டிஸுடையது என்பேன்.

ஒரே ஓர் இடத்தில் நிறுத்துங்கள். ஆங்கில ஆசிரியர் வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் குறைக்கிறார் என்று மகள் சொன்னதை அம்மா நம்பியிருக்க மாட்டார். மகளின் உடலோடு அந்த வகுப்பில் உட்கார்ந்து, ‘ஹாம்லெட்’ பற்றி நன்றாகப் பதில் சொல்லியும் ஃபெயில் என்று கேட்ட பிறகுதான் அவருக்கு உறைக்கும். நிறுத்திவிட்டுப் பேசாமல் இருங்கள். உங்கள் பெண் தன் பள்ளியைப் பற்றி ஏதாவது சொல்லத் தொடங்கினால் மீதிப் படம் காத்திருக்கட்டும்.

பழைய படம் என்பதற்காக எல்லாவற்றையும் மன்னிக்க வேண்டியதில்லை. இருவரையும் உடல் மாற வைப்பது சீன உணவகத்துப் பாட்டி ஒருவர். சீனப் பாட்டி என்றால் மந்திரம் தெரியும் என்ற பார்வை, கேரளம் என்றாலே மாந்திரீகம் என்று காட்டும் நம் படங்களின் அதே சோம்பல்தான். அம்மாவின் உடலில் இருக்கும் மகளிடம் அவளுக்குப் பிடித்த பையன் மயங்கும் காட்சிகளும் இன்று நெளிய வைக்கும். அதை உங்கள் பெண்ணே முதலில் சொல்வாள். முந்திக்கொண்டு உபதேசம் செய்யாதீர்கள்.

மேடையில் அம்மா வாசிக்கத் தெரியாமல் திணற, திரைக்குப் பின்னால் மகள் கிடாரை மீட்டும் இடத்தில் ஒலியைக் கூட்டுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய விருந்துப் பேச்சுக்கு எனக்குக் கண்ணீர் வரும். பெண் கிண்டல் செய்தால் செய்யட்டும்.

2025இல் நிஷா கணத்ரா இயக்கி வந்த இரண்டாம் பாகத்தை அதே இரவில் தொடாதீர்கள். அதில் நான்கு பேர் மாறுகிறார்கள். யாருக்குள் யார் என்று எழுதிவைத்துக்கொள்ள ஒரு பழைய அளவுச் சீட்டாவது கையில் வேண்டும்.