தைராய்டு உள்ள பெண்களுக்கு உப்புச்சத்து மாறினால்: மலையில் இருப்பவர்கள் கவனிக்க

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கெண்டைக்கால் இழுத்தால், "குளிர்தான், வேலைதான்" என்று விட்டுவிடுகிறார்கள். தைராய்டு இருந்தால் அப்படி விடக்கூடாது. சுரப்பு குறைவா, மிகையா, ஆபரேஷன் ஆனவரா என்பதைப் பொறுத்து ரத்தத்தில் மாறும் உப்பும் (சோடியம், கால்சியம், பொட்டாசியம்) வேறு.

சுரப்பு மிகவும் குறைந்தால் வேண்டாத நீரைச் சிறுநீரகம் வெளியேற்றத் திணறும். உடலில் தங்கும் நீர், ரத்த சோடியத்தை நீர்க்கச் செய்யும் (இயல்பு லிட்டருக்கு 135–145 மில்லிமோல்). கஞ்சியில் கூடுதலாக உப்புப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. தைராய்டு லேசாகத்தான் குறைந்திருக்கிறது, சோடியம் மட்டும் இறங்கியிருக்கிறது என்றால் முதலில் பிரஷருக்கான நீர் மாத்திரையைச் சந்தேகியுங்கள். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். 125க்குக் கீழே போனாலோ, வாந்தி, குழப்பம், வலிப்பு வந்தாலோ உடனே 108. சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை பாதிக்கும் என்பதால் இது வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல.

தைராய்டு சுரப்பியை எடுத்தவர்களுக்குக் கால்சியம்தான் கவலை. அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டால், பெரும்பாலும் முதல் 2, 3 நாட்களில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும். பிறகு கைவிரல்கள் குவிந்து இழுக்கும். கோவையில் ஆபரேஷன் முடிந்து மலையேறுமுன் கால்சியம் பார்த்துவிட்டு வாருங்கள். நள்ளிரவில் மலைப்பாதையில் இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

சுரப்பு மிகையானவர்களுக்கு, மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டுக்குப் பின்னோ தூங்கி எழும்போதோ கால்கள் திடீரெனச் செயலிழந்தால் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம். பெண்களுக்கு அரிது, வந்தால் அவசரம்.

மலையில் பொட்டாசியம் பொய்யாகக் கூடுதலாகவும் காட்டும். கோத்தகிரியில் ரத்தம் எடுத்து, சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பிரிக்காமலே கீழே அனுப்பினால் குளிரில் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து கலந்துவிடும். கையை இறுகக் கட்டி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னாலும் இதே தவறு நேரும். "எத்தனை மணி நேரத்தில் சீரம் பிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். உடம்பில் தொந்தரவு இல்லாமல் எண் மட்டும் உயர்ந்திருந்தால், அன்றே டாக்டரிடம் சொல்லி, உடனே சீரம் பிரிக்கும் இடத்தில் மறுபடி எடுங்கள்.

சுரப்பு குறைந்தவர்களுக்கான தைராக்ஸின் மாத்திரையை விடியற்காலை வரட்டீயோடு விழுங்கும் பழக்கம் இங்கே நிறைய. டீ மருந்தை உடலில் முழுமையாகச் சேரவிடாமல் செய்யலாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, 30 முதல் 60 நிமிடம் கழித்து டீ குடியுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பேதிக்கானது, தினசரி அசதிக்கு அல்ல. 20.5 கிராம் பாக்கெட் என்றால் சரியாக 1 லிட்டர் தண்ணீர்; பாதி பாக்கெட்டை டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிவிடும். கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் குடித்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.