கர்ப்பத்தில் உடம்பு மாறும்போது எதைப் பொறுக்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும்

நாள் தள்ளிப்போனதும் முதலில் செய்ய வேண்டியது, கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியை எழுதி வைப்பது. 40 வாரக் கணக்கை டாக்டர்கள் அந்த நாளிலிருந்துதான் போடுகிறார்கள். வீட்டில் எல்லாரும் எத்தனை மாசம் என்று கேட்பார்கள், நீங்கள் வாரமாகச் சொல்லப் பழகுங்கள்.

எனக்கு இரண்டு பிரசவமும் சென்னையில்தான், இரண்டாவது சரியாக அக்னி நட்சத்திர வெயிலில். என்ன தொந்தரவு சொன்னாலும் "சூடும்மா, மோர் குடி" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் சூடு என்ற ஒரே வார்த்தைக்குள் பல விஷயம் ஒளிந்துகொள்கிறது. அதனால் புதிதாக ஏதாவது தெரிந்தால், அது மெல்ல வந்ததா, திடீரென்று வந்ததா என்று பாருங்கள். மெல்ல வருவது பெரும்பாலும் கர்ப்பத்தின் இயல்பு. திடீரென்று வருவதை அன்றே காட்டுங்கள்.

முதல் மூன்று மாதம் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே உடம்பு ஓய்வில்லாமல் உழைக்கும், அதனால்தான் அந்த அசதி. மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும், பதினாலு, பதினாறு வாரத்தில் பலருக்கு அடங்கிவிடும். காலையில் மட்டும்தான் வரும் என்றில்லை, பக்கத்து வீட்டில் மீன் வறுத்தாலே போதும். எழுந்ததும் கொஞ்சம் பொரியோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், டிரிப்ஸ் தேவைப்படலாம். கர்ப்பப்பை மூத்திரப்பையை அழுத்துவதால் அடிக்கடி சிறுநீர் வரும், 12 வாரத்துக்குமேல் அது மேலே ஏறியதும் கொஞ்ச நாள் நிம்மதி. ஆனால் எரிச்சலோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால் அதைச் சூடு என்று விடாதீர்கள், யூரின் டெஸ்ட் எடுங்கள்.

நான்காம் மாதத்திலிருந்து வயிறு தெரியத் தொடங்கும். 20 வாரத்தில் கர்ப்பப்பை தொப்புள் உயரத்துக்கு வரும், அதற்குப் பிறகு நர்ஸம்மா டேப் வைத்து அளக்கும் சென்டிமீட்டரும் உங்கள் வாரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஹார்மோனால் இரைப்பையின் மேல்வாய் தளர்வதால்தான் நெஞ்செரிச்சல், குழந்தைக்கு முடி அதிகம் என்பதால் இல்லை! ராத்திரி சாப்பிட்டதும் படுக்காதீர்கள்.

இனி ரத்தம். உடம்பில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடும், ஆனால் அதில் நீர்ப்பகுதிதான் வேகமாகக் கூடுகிறது, அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கித் தெரியும். 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. மெல்ல வருவது இயல்பு என்றேனே, அதற்கு இதுதான் பெரிய விலக்கு. மெல்ல வருவதால் பழகிவிடுகிறது, எழும்பூர் ஸ்டேஷன் படியேறி மூச்சு வாங்கினாலும் வயிறு பெரிசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். செக்கப்பில் ரத்தம் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து தினமும், குறைந்தது 180 நாள் போட வேண்டும். காபி, டீயோடு போட்டால் சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். எலுமிச்சை ஜூஸோடு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம்.

நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. அதனால் முதல் செக்கப்பிலும், மறுபடி 24-லிருந்து 28 வாரத்துக்குள்ளும் சர்க்கரை டெஸ்ட் எடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. இந்த எளிய முறைக்காகப் பாடுபட்டவர் நம்ம சென்னை டாக்டர் வி. சேஷய்யா.

வயிற்றில் கறுப்புக் கோடு, முகத்தில் திட்டு, வரிகள் எல்லாம் வரும், பெரும்பாலும் பிறகு மங்கும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் மட்டும் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், கல்லீரல் டெஸ்ட் வேண்டும்.

அசைவு முதல் குழந்தைக்கு 18, 20 வாரத்தில் தெரியும், இரண்டாவதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே. 28 வாரத்துக்குப் பிறகு உங்கள் பிள்ளை எந்த நேரத்தில் எப்படி அசையும் என்பது உங்களுக்கே பழகிவிடும். அந்த வழக்கம் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடைசியில் இடம் இல்லாததால் அசையாது என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள்.

வளைகாப்பு வளையல் ஒரு நல்ல அளவுகோல். சாயங்காலம் கால் வீங்கி, படுத்தெழுந்தால் வடிவது சகஜம். நேற்றுவரை சுலபமாக நகர்ந்த வளையல் இன்று கையை இறுக்குகிறது, முகமும் உப்பியிருக்கிறது, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, இதில் எது வந்தாலும் உடனே பிபி பாருங்கள். 140/90-ஐத் தொட்டால் அன்றே ஆஸ்பத்திரி.

கடைசி வாரங்களில் குழந்தையின் தலை இறங்கும், மூச்சு லேசாகும், நடப்பது கஷ்டமாகும். வயிறு அவ்வப்போது கெட்டியாகித் தளர்வதைத்தான் சூட்டு வலி என்கிறார்கள். தண்ணீர் குடித்து, இடது பக்கம் சாய்ந்து படுத்தால் அது அடங்கும். அடங்காமல் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் அது நிஜ வலி. 37 வாரத்துக்கு முன்னால் அப்படி வந்தால் வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்க நேரமில்லை. எந்த வாரமானாலும் ரத்தம் பட்டாலும், வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்தாலும் கிளம்புங்கள், நீர் பச்சையாக இருந்தால் போனதும் அதைச் சொல்லுங்கள். பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் எண்) எழுதிய அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், இரண்டு பழைய பருத்திப் புடவை எல்லாம் ஒரே பையில் எட்டாம் மாதமே கதவுப் பக்கம் இருக்கட்டும். ஆட்டோ தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.